கள்ளக்குறிச்சி மரப்பூ: காட்டிலிருந்து வந்ததா, கல்லிலிருந்து வந்ததா?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவர் பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததாகத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றை ஊரார் இன்றும் காட்டுவார்கள். மேற்கே கல்வராயன் மலை, அசல் குறிஞ்சி நிலம். இத்தனை பூ பாடியவரின் கடைசி ஊர் என்று மரபு சொல்லும் இடத்தில், கோயில் கல்லில் பூத்திருப்பவற்றை எண்ணினால் ஒரு கை விரல்கள் மிச்சம். தாமரை முதலில், அது மொட்டாக, மலர்ந்ததாக, கவிழ்ந்ததாக, இதழ் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். பிறகு நீலோற்பலம். பிறகு இன்ன பூ என்று பெயர் சொல்ல முடியாத நாலிதழ், எட்டிதழ்ப் பூக்கள். பிறகு சுருண்டு சுருண்டு ஓடும் கொடிக்கருக்கு. காந்தளையும் வேங்கையையும் தேடினால் கண்தான் வலிக்கும்.

பாட்டில் 99 பூ, கல்லில் நாலைந்து பூ. பாணனும் புலவனும் பார்த்த மலையைத்தான் சிற்பியும் பார்த்தான். அவன் கை மட்டும் ஏன் இவ்வளவு சிக்கனமாக இருந்தது? கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இன்று மரம் செதுக்குகிறவர்களின் பூவேலையைப் பேச வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்கள் உளியிலும் வருவது மலையின் பூக்கள் அல்ல, கோயிலின் பூக்களே.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரபுவழி வந்த அலங்கார வடிவங்களைக் கைவினைஞர்கள் மரத்தில் ஏற்றுவதே இதன் தனித்தன்மை என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கத்தின் சாரம். மதுரைப் பக்கத்திலிருந்து பரவிய கலை, மன்னர்கள் மாறியபோது கைவினைஞர்கள் இடம் பெயர்ந்து இங்கே நிலைத்தார்கள் என்று ஒரு வரலாறும் உண்டு. சாமி சிலைகள், வாகனங்கள், பூஜை மண்டபங்கள், நிலைக்கதவுகள், சுவரில் மாட்டும் பலகைகள் என்று வேலை பலவகை. தேக்கு, வாகை, பூவரசு, வேம்பு, மா என்று மரமும் பலவகை. சாமி உருவத்துக்குத் தாளக் கணக்கு இருக்கிறது, தியான சுலோகம் இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் பூவுக்கு அப்படிக் கறாரான கணக்கு இல்லை. ஆகவே ஒரு பட்டறையின் கை எங்கே பழகியது என்பதைத் தெரிந்துகொள்ளச் சாமியின் முகத்தைவிட அதன் திருவாசியில் ஓடும் கொடியைப் பார்ப்பதே நல்ல வழி என்பது என் எண்ணம்.

அலங்காரத்துப் பூ எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உலகம் பல பதில் சொல்லியிருக்கிறது. மிகப் பழையது இயற்கையைப் பார்த்துச் செய்தார்கள் என்பது. கிரேக்கத்தில் கல்லிமக்கோஸ் என்ற சிற்பி, ஒரு பெண்ணின் சமாதிமேல் வைத்த கூடையைச் சுற்றி அகாந்தஸ் செடி முளைத்திருப்பதைக் கண்டு கொரிந்திய தூணின் தலையை அமைத்தான் என்று ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ் கதை சொல்கிறார். அழகான கதை. 1893-இல் வியன்னாவில் அலாய்ஸ் ரீகல் அந்தக் கதையைக் கலைத்துப் போட்டார். எகிப்தின் தாமரையும் அதிலிருந்து வளர்ந்த விசிறி இலையும் நாடு நாடாக, நூற்றாண்டு நூற்றாண்டாக உருமாறிக் கடைசியில் அகாந்தஸ் போலத் தோன்றும் இலையாகிவிட்டன. அகாந்தஸ் செடியைப் பார்த்து எவரும் நகல் எடுக்கவில்லை என்பது அவர் வாதம். ஒரு பூவேலைக்குத் தாய் இன்னொரு பூவேலை.

இதற்கு முன்பே 1856-இல் லண்டனில் ஓவன் ஜோன்ஸ், பூவை அப்படியே அலங்காரமாக வைக்கக் கூடாது, அதன் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியே எழுதினார். அவருக்கு இந்திய வேலைப்பாடு பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மானியரான கோட்ஃப்ரீட் செம்பர், வடிவத்தைத் தீர்மானிப்பதில் பொருளுக்கும் கருவிக்கும் பெரும் பங்கு உண்டு என்றார். நம் பக்கத்து ஆள் ஆனந்த குமாரசுவாமி, தாமரையின் பின்னால் நீரும் படைப்பும் பற்றிய பெரிய தத்துவம் இருப்பதைக் காட்டினார். டச்சு அறிஞர் போஷ், கோயில் கொடிக்கருக்கே தாமரைக் கிழங்கிலிருந்து கிளம்பும் தண்டு என்று ஒரு நூல் முழுக்க வாதிட்டார். மகரத்தின் வாயிலிருந்தும் பூதத்தின் தொப்புளிலிருந்தும் கொடி புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் கற்பனையாகப் படாது.

இவர்களில் யார் சொல்வது நம் ஊருக்குப் பொருந்துகிறது? ரீகல்தான் என்பேன், ஒரு திருத்தத்தோடு. அந்தத் திருத்தத்துக்கு முன் தூணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியைப் போலவே பழைய தென்னாற்காட்டின் பகுதியாக இருந்த மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை ஆக்கியதாக அங்கே பொறித்தும் வைத்தான். அவன் பெருமையைத் தலைகீழாகப் படித்தால், அதுவரை கோயில் என்றாலே செங்கல்லும் மரமும்தான் என்று தெரிகிறது. மகேந்திரன் காலக் குடைவரைத் தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவே பட்டைக்கட்டு என்று மரத்தூணின் உடம்போடு நிற்கின்றன. சிலவற்றில் சதுரத்தின் முகத்தில் வட்டத் தாமரைப் பதக்கம். கல்லுக்கு அந்தப் பூவைக் கொடுத்தது தச்சன். கல் தன் மர ஞாபகத்தைப் பிறகும் விடவில்லை. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அங்கே கல் கூரை, மரச்சட்டமும் குமிழ் ஆணியும் போல இழைத்திருக்கிறது.

இனி போதிகை. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கை அது. பல்லவர் காலத்தில் அது அலை அலையாக மடிந்த தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முனை நீட்டிய வெட்டுப் போதிகை. விஜயநகரக் காலத்தில் அந்த முனை கீழ்நோக்கி வளைந்து மொட்டானது. பூமுனைப் போதிகை என்றார்கள். நாயக்கர் காலத்தில் மொட்டு பெருத்து, இதழ் விரித்து, தனியே அந்தரத்தில் தொங்கியது. ஆயிரம் ஆண்டில் ஒரு கட்டடத் துண்டு மெல்ல மெல்லப் பூத்திருக்கிறது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், இந்த மாற்றங்களையே அளவுகோலாக வைத்துக் கோயில்களின் காலத்தைக் கணித்தார். கல்வெட்டு இல்லாத மண்டபத்துக்கும் போதிகை தேதி சொல்லும் என்று காட்டியவர் அவர். அவர் கையாண்ட பெயர்களில் பல, அன்று வேலை செய்துகொண்டிருந்த சிற்பிகளின் வாயிலிருந்து கேட்டவை.

இந்தத் தொங்கும் பூவைப் புத்தகங்கள் தாமரை மொட்டு என்கின்றன. கோயிலுக்கு வருகிறவர்கள் வாழைப்பூ என்கிறார்கள். வடிவம் முதலில் வந்தது, பெயர் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஒரே கல்லுக்கு இரண்டு பூவின் பெயர். எந்த வாழைத்தோப்பிலும் போய் உட்கார்ந்து யாரும் அதை வரையவில்லை. முந்தைய தலைமுறை விட்ட முனையை அடுத்த தலைமுறை கொஞ்சம் நீட்டியது, அவ்வளவுதான்.

இலங்கையில் இதற்கு இன்னும் வெளிப்படையான சாட்சி இருக்கிறது. குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிப் பகுதிக் கைவினைஞர்கள் வரையும் பூக்களுக்குப் பெயர் பெயராகப் பட்டியல் தந்தார். அவற்றில் கத்தரி போல் இதழ் பிரியும் கதுருமல, சினமல போன்றவை எந்தச் செடியிலும் பூப்பதில்லை, கைவினைஞர் மனத்தில் மட்டுமே பூக்கிறவை. கண்டிக்கு அருகே எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் தாமரையும் கொடியும் சதுரம் சதுரமாக நிற்பதைப் பார்த்தால், மகேந்திரன் தூணின் சதுரத்துக்கும் அதற்கும் உறவு இருப்பது எவருக்கும் புரியும். அங்கே மரம் தப்பிப் பிழைத்திருக்கிறது. நமக்கு வெயிலும் கரையானும் நெருப்பும் போக மிஞ்சியது கல்தான்.

திருத்தம் என்று சொன்னேனே, அது மாலை. தமிழ்க் கோயில் தூணின் உடலில் ஒரு பகுதிக்கு மாலைத்தொங்கல் என்று பெயர். முத்துச்சரமும் பூச்சரமும் வளைந்து தொங்குவதாக அங்கே செதுக்குவார்கள். இது இன்னொரு சிற்பியின் பூவைப் பார்த்து வந்ததல்ல. தூணில் உண்மையாகவே கட்டித் தொங்கவிட்ட சரத்தைப் பார்த்து வந்தது. ஆனால் கவனியுங்கள், இங்கேயும் பூ தோட்டத்திலிருந்து நேரே கல்லுக்கு வரவில்லை. பூக்கட்டுகிறவர் கையில் ஒருமுறை ஒழுங்கு பெற்றுத்தான் வந்திருக்கிறது. நாம் செடியில் இருக்கும் பூவுக்குக் கொடுத்த மரியாதையைவிடத் தொடுத்த பூவுக்குக் கொடுத்த மரியாதை அதிகம். உளுந்தூர்பேட்டை வட்டம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவருக்குத் தலை மரத்தாலானது. தேரில் உடம்பைத் தெரியவிடாமல் மறைப்பது மாலைகள். களப்பலி முடிந்தபின் அந்த மாலைகள் களையப்படுகின்றன. மரத்தச்சனும் பூக்கட்டுகிறவரும் சேர்ந்து ஒரே உருவத்தைச் செய்கிற இடம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

கல்லில் குடியேறிய பூ திரும்பவும் மரத்துக்கு எப்படி வந்தது? முக்கிய வழி தேர். தேரின் அடித்தட்டுகளைக் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தோடு ஒப்பிட்டால் தெரியும்: பதுமம், குமுதம், கண்டம் என்று கல்லில் உள்ள அதே வரிசை, மரத்தில். வாகனங்களும் அப்படித்தான். இன்னொரு வழி கதவு. விஜயநகரக் காலக் கோபுர வாசல்களில் நிலைக்காலின் அடியில் கொடிப்பெண் நிற்பாள். அவள் பிடித்த கொடி வட்டம் வட்டமாகச் சுருண்டு உச்சிவரை ஏறும். வீட்டு நிலையில் அந்தப் பெண் காணாமல் போனாள், கொடி மட்டும் ஏறியது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு வந்து குவிந்த காலத்தில் இந்தக் கொடி எவ்வளவு அடர்ந்தது என்பது தனிக்கதை. திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் மூலவரே மரத்தாலானவர் என்பது கோயில் மரபு. ஆக, இந்த வட்டாரத்தில் மரம் என்பது கல்லுக்கு அடுத்தபடியான இரண்டாம் தரப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

மரத்துக்குத் திரும்பிய பூ கல்லில் இருந்த பூவாகவே இருக்கவும் முடியாது. செம்பர் இங்கே கொஞ்சம் சரி. கருங்கல்லுக்கு எந்தத் திசையும் ஏறத்தாழ ஒன்றுதான். மரத்துக்கு ரேகை உண்டு. ரேகையோடு போகும் இதழை மெல்லியதாக இழைக்கலாம், குறுக்கே போகும் இதழ் உளி பட்டதும் தெறிக்கும். அதனால் நல்ல ஆசாரி பூவைக் காகிதத்தில் வரைந்து மரத்தில் ஏற்றும்போதே, நீண்ட தண்டு ரேகையோடு ஓடுமாறும் குட்டை இதழ்கள் குறுக்கே வருமாறும் திருப்பி வைத்துக்கொள்வார். பெரிய உளியால் தேவையற்றதை எடுத்து, வளைந்த வாயுடைய சிறு உளியால் இதழுக்குக் குழி கொடுத்து, கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது, ஒவ்வொரு இதழின் நுனியும் ஓர் இழை பக்கத்து இதழ்மேல் ஏறியிருக்கும். அந்த ஓர் இழை நிழலில்தான் பூ உயிர் பெறுகிறது. கல்லில் நிழலுக்கு ஆழம் வேண்டும். மரத்தில் அதன் நிறமே பாதி நிழல். வாகையின் அடர்ந்த பழுப்பு இதற்குத் தோதானது.

இதுவரை சொன்னது ஒரு சங்கிலி: மரம், கல், தேர், கதவு. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியை நேரில் பார்த்து உண்டானது. இன்று அறுந்துகொண்டிருப்பது இந்தப் பார்வைதான்.

பலரும் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். கதவுக் கடைகளில் அது வந்தபின் கைவேலைக்குக் கூலி கட்டவில்லை என்பது உண்மை. ஆனால் இயந்திரம் தானாகப் பூவைக் கண்டுபிடிப்பதில்லை. கொடுத்த கோப்பில் என்ன இருக்கிறதோ அதைக் குடைகிறது. அந்தக் கோப்பு எங்கோ விலைக்கு வாங்கியது. ரோஜாக் கொத்து, திராட்சைக் குலை, தோகை விரித்த மயில், இவை கள்ளக்குறிச்சியிலும் ஒன்றுதான், காஜியாபாத்திலும் ஒன்றுதான். ஆழம் எங்கும் ஒரே அளவு, இதழ் இதழ்மேல் ஏறுவதில்லை, ரேகையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கையால் செய்கிறவரும் வாடிக்கையாளர் அலைபேசியில் காட்டும் அதே ரோஜாவைச் செதுக்கித் தரும்போது, இயந்திரத்துக்கும் அவருக்கும் நடப்பது வெறும் விலைப் போட்டி. அதில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். கல்யாண மேடையைப் பாருங்கள்: தெர்மாகோல் தூணில் தாமரைப் போதிகை மாதிரி ஏதோ ஒன்று, அதன்மேல் ஜெர்பரா பூக்கொத்து. ஏதோ ஒன்று என்பதுதான் துயரம்.

மறுபக்கம் மூலப் பாடமும் அழிகிறது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்த கோயில்களில் இதழின் நுனி முதலில் போனது. சுண்ணாம்பும் எனாமலும் பூசிய தூண்களில் மாலைத்தொங்கல் வெறும் புடைப்பாகிவிட்டது. எழுத்து போனால் கல்வெட்டு அறிஞர்கள் குரல் எழுப்புவார்கள்; பூ போனால் கேட்க ஆள் இல்லை.

புவிசார் குறியீடு இதைச் சரிசெய்யுமா? 1999-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் பெயரைக் காக்கிறது. வேறு ஊர்ப் பொருளைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்று விற்றால் வழக்குப் போடலாம். கள்ளக்குறிச்சியிலேயே காஜியாபாத் ரோஜாவைச் செதுக்கினால் கேட்பதற்கு வழியில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இலேயே குறியீடு கிடைத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒத்த மரங்கள், ஒத்த சாமிகள். இரண்டையும் அருகருகே வைத்து இது இன்ன ஊர் என்று வாங்குகிறவர் கண்டுபிடிக்க வேண்டுமானால், வேறுபாடு பூவில் தெரிய வேண்டும். அப்படித் தெரியும்படி ஒரு வடிவத் தொகுப்பை, எனக்குத் தெரிந்தவரை, எவரும் இன்னும் வாங்குகிறவர் கண்முன் வைக்கவில்லை. குறியீடு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது, பத்திரம் பதிந்துவிட்டு நிலத்தை உழாமல் போடுவதற்குச் சமம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. திருக்கோவிலூரின் இரண்டு கோயில்கள், சுந்தரர் பிறந்த திருநாவலூர், திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் சமணக் கோயில், மணலூர்ப்பேட்டைக்கு அருகே ஆதிதிருவரங்கம் என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே பல நூற்றாண்டுகளின் பூவேலை நிற்கிறது. போதிகை, மாலைத்தொங்கல், நிலைக்கால் கொடி, கபோதத்துக் கூடு ஆகியவற்றை அளவெடுத்து, முழு அளவில் வரைந்து, பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். அதே வரைபடத்தை சி.என்.சி. கோப்பாகவும் மாற்றலாம், இயந்திரமும் ஊர்ப் பூவையே குடையட்டும், நுனி இழையைக் கை முடித்துக் கொடுக்கட்டும். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் ஒளிப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. மணல் பீய்ச்சுவதற்கு முன் எடுத்தவை அவற்றில் ஏராளம். மாமல்லபுரத்தில் 1957 முதல் நடக்கும் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் மரச்சிற்பமும் கற்பிக்கிறார்கள். அதன் மாணவர்களுக்கு இந்த அளவெடுப்பு ஒரு பருவத்துப் பயிற்சியாகப் போதும். பூம்புகார் விற்பனை நிலையங்கள், வாங்கும் பொருளோடு அந்தப் பூ எந்தக் கோயிலின் எந்தத் தூணிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு வைத்தால், விலைக்கும் நியாயம் சொன்னதாகும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அளவெடுத்த படத்தை அச்சுப்பிசகாமல் நகலெடுக்கச் சொன்னால், அதுவும் இன்னொரு விலைக்கு வாங்கிய கோப்பாகிவிடும். போதிகை முனை மொட்டானதும், மொட்டு விரிந்ததும் யாரோ ஒருவர் முந்தையதைவிடக் கொஞ்சம் நீட்டிப் பார்த்ததால்தான். கல்வராயன் மலையின் காந்தளை இன்றைய ஆசாரி ஒருவர் கொடிக்கருக்கின் சுருளுக்குள் கொண்டுவந்தால் அது மரபுக்கு விரோதமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல் ஒதுக்கிவைத்த பூக்களை மரம் சேர்த்துக்கொள்ளட்டும். கொடியின் இலக்கணம் தெரிந்த கை அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலைக்கதவுக்கு முன்பணம் கொடுக்கப் போகும்போது இணையத்தில் கிடைத்த ரோஜாவைக் காட்டாதீர்கள். உங்கள் ஊர்க் கோயிலில் எண்ணெய்ப் பிசுக்குப் படியாத ஒரு தூணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துப் பூவேலை செய்யத் தெரிந்த ஆசாரி சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் இன்னும் இருக்கிறார். கூலி கூடுதலாகத்தான் கேட்பார், கொடுங்கள்.